வரி இறாலின் பிள்ளைகள்

அடுத்த வீட்டுக் கதை என்றால் உனக்குக் காது நீண்டுவிடும். அடுப்பில் வேலை இல்லையா? சரி, கேட்டுத் தொலை.

அந்தமானில், பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தாம் துறைக்கு வந்த படகில், கடல் தண்ணீர் டின்னை மடியில் அணைத்திருந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

“பொறந்த பிள்ளைங்க அத்தனையையும் எங்க வீட்டுக்காரரு வாளியோட சாக்கடையில கொட்டிட்டாரு, சரோஜா.”

“ஐயோ! யாரு பெத்தது அக்கா?”

“கண்ணாடித் தொட்டியில வளக்குறாரே, செவப்பு வரி இறாலு, அதுதான். வயித்துல முட்டையோட இருந்துச்சு. என் பிரசவத்துக்கு அவருக்குக் கிடைக்காத லீவு அதுக்குக் கிடைச்சுது. தண்ணி சுமக்க மட்டும் நானு. சாத்தாம் பக்கம் எண்ணெ மெதக்குதாம், அதுக்கு ஆவாதாம்.”

“அப்புறம்?”

“குஞ்சு பொரிச்சது தூசி மாதிரி இருந்துச்சு. அழுக்குன்னு நெனச்சு அவரே தண்ணிய மாத்திட்டாரு. வாளியில மிச்சத்த நான் பாத்தேன், தூசிக்கெல்லாம் கண்ணு இருந்துச்சு. இப்ப முட்டையக் காணோம், நான்தான் வறுத்துத் தின்னுட்டேன்னு சண்டை. என் கை சோத்தைத் தொட மாட்டேங்கிறாரு.”

“அரே, உண்மையச் சொல்லிட வேண்டியதுதானே?”

“சொன்னா மனுசன் ஒடிஞ்சு போயிடுவாரு. எங்கம்மா செத்தப்பகூட அழாதவரு, இதுக்கு அழுவாரு. தின்னவளாவே இருந்துட்டுப் போறேன்.”

“ஆளுக்கொரு குஞ்சு தரேன்னு தெரு முழுக்கச் சொல்லி வச்சிருக்காரே. கேக்க மாட்டாங்க?”

சாத்தாம் வந்துவிட்டது. அவள் டின்னை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

“கேட்டாங்களே. ‘நமக்குத்தான் கப்பல் டிக்கெட் கிடைக்கல, பிள்ளைங்க எல்லாம் கடல் தாண்டி மெயின்லாண்ட் போயிடுச்சு’ன்னு சொல்லிட்டேன்.”