சால்வையில் சுற்றிய சோதனைக் குழாய்

நான் லிப்ட் பழுது பார்ப்பவன். வயது நாற்பத்தொன்று. பேக்கரி மாடியில் தங்கை குடும்பத்தோடு குடியிருக்கிறேன். ஆஸ்பத்திரி ஆய்வகத்துக்காரரை அடித்தது நான்தான், யாரும் தூண்டிவிடவில்லை.

தங்கையின் கணவருக்குக் காய்ச்சல் விடாததால் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் வெறிபிடித்து, ஒன்றையொன்று உசுப்பிவிடும் புரதங்களைக் கக்குகின்றனவா என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும், அதிகமென்றால் எதிர்ப்பை அடக்க ஊசி, வெறும் கிருமியென்றால் அந்த ஊசியே ஆளைக் கொன்றுவிடும் என்று டாக்டர் சொன்னார். அதன் பிறகு, ஆள் இல்லாததால் நர்ஸ் ரத்தம் எடுத்த சோதனைக் குழாயை ஐஸ் பெட்டியில் வைத்துத் தங்கையிடம் கொடுத்து, ஆய்வகத்தில் சேர்க்கச் சொன்னார். நானும் கூடப் போனேன். லிப்ட் பாதியில் நின்று வெகுநேரம் மாட்டிக்கொண்டோம். நான் கதவோடு மல்லுக்கட்டும்போது தங்கை குழாயை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

"பாவம், காய்ச்சல் குளிர்ல அவரு எப்படி நடுங்கினாரு! இதையுமா ஐஸ்ல போடணும், அண்ணா?" என்றாள்.

"அப்படியே போர்வையும் போத்திவிடு" என்று கிண்டல் செய்தேன். அவளும் சிரித்துக்கொண்டே சால்வை நுனியில் சுற்றிக்கொண்டாள்.

அதன் பிறகு, புரதம் மிக அதிகம் என்று முடிவு வந்து, ஊசி போட்டு, கிருமி உடம்பெல்லாம் பரவி மாப்பிள்ளை இறந்துபோனார். தப்பான முடிவு கொடுத்து ஆய்வகத்துக்காரர்தான் கொன்றார் என்று தங்கை புகார் கொடுத்தாள். அதன் பிறகு இருவரும் அவரிடம் நியாயம் கேட்கப் போனோம். நான் முதலில் உள்ளே போனேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"குழாய் வெதுவெதுன்னு வந்துச்சுங்க. சூடு பட்டா அந்த அணுவெல்லாம் குழாய்க்குள்ளயே கக்கிட்டு இருக்கும். வேற ரத்தம் கேட்டேன், நேரமில்ல, இதையே பாருன்னுட்டாங்க. ஆமா, கையில கொண்டாந்தது யாரு?"

எனக்குப் பின்னால் தங்கையின் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் வாயை அடைக்க வேறு வழி தெரியாமல் அடித்தேன். பல் உடைந்தது. அந்த மனிதர் மேல் எனக்குக் கோபமே இல்லை. பிள்ளைகுட்டிக்காரர், அவரை உள்ளே தள்ளப்போவதாகக் கேள்விப்பட்டதால்தான் வாயைத் திறக்கிறேன்.

இந்த வாக்குமூலம் தங்கைக்குத் தெரியாமல் இருக்குமா என்று கேட்டேன். கோர்ட்டில் படிப்பார்கள் என்று இதை எழுதும் போலீஸ் அதிகாரி சொன்னார். அவள் என்னை ஜாமீனில் எடுக்க வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

படித்துக் காட்டிய பின் சேர்ப்பது: மேலே சொன்னது அத்தனையும் உண்மை. தணிந்த குரலில் படியுங்கள் என்று கெஞ்சினேன், சட்டப்படி சத்தமாகவே படித்துக் காட்டினார்கள். கதவு திறந்திருந்தது. படித்து முடித்தபோது தங்கை தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருத்த ஒன்றும் இல்லை.

(கையொப்பம்)