பல்லில் கடித்த கம்பி

நான் நாலாவது வரைதான் படித்தவன். கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்கழியில் ஒரு காலை, உருளைக்கிழங்கு லாரியில் கொடைக்கானலிலிருந்து கீழே இறங்கக் காத்து நின்றேன். குளிரில் நெடுநேரம் முக்கிய பிறகுதான் இன்ஜின் ஓடத் தொடங்கியது. உள்ளே டொக் டொக்கென்று ஒரு சத்தம்.

லாரிக்குச் சொந்தக்காரரான ராவுத்தர் சொன்னார்: “குளிருக்கு எல்லா வண்டியும் இப்படித்தான் இருமும். சூடேறினா அடங்கிரும். வெரசா எடுங்கண்ணே.”

டிரைவர் இருபது வருடமாக அந்த மலைச் சாலையில் ஓட்டுபவர். இறங்கி பானெட்டைத் தூக்கினார். நீளக் கம்பி ஒன்றின் ஒரு முனையை இன்ஜினில் ஊன்றி, மறுமுனையைப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

“என்னண்ணே, கரும்பா திங்கிறீங்க?” என்று ராவுத்தர் சிரித்தார்.

டிரைவர் இன்ஜினை நிறுத்தினார். “இது குளிர்ச் சத்தமில்ல, மொதலாளி. அடியில பேரிங்கு அடிக்குது. பாதி மலையில உடைஞ்சிரும். மூட்டைய இறக்கிருங்க.”

“சரி. எல்லாரும் கம்பியக் காதுலதான வைப்பாங்க? நீங்க ஏன் கடிக்கிறீங்க?”

பதில் வரவில்லை. ராவுத்தர் கிட்டே போய் அதையே சத்தமாகக் கேட்டார்.

“காது மந்தமாயிருச்சுங்க. ரெண்டு வருசமாச்சு. பல்லு வழியாத்தான் சத்தம் தெரியுது.”

“அப்ப வளைவுல எதுக்க வர்றவன் அடிக்கிற ஹாரனு?”

டிரைவர் வண்டிச் சாவியை எடுத்து நீட்டினார். அதை வாங்க ராவுத்தருக்கு வெகுநேரம் கை வரவில்லை.

நடந்து நாலு வருடம் கழித்து எழுதியது: 1962, மாசி 3.