பின்வாங்கத் தெரிந்த நாற்பது வண்டிகள்

அவைக்குத் தலைமை தாங்கும் பெருந்தகையே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே, பொதி கட்டும் பிரிவின் தாய்மார்களே, வண்டிகளோடு மல்லுக்கட்டி வாழும் தோழர்களே, வணக்கம்.

மேடை எனக்குப் பழக்கமில்லை. குறிப்பில்லாமல் பேசினால் வழி தவறிவிடுவேன். ஆகவே முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்:

1. நம் மருந்துக் கிடங்கின் நாற்பது ரோபோ வண்டிகள் ஏன் முட்டிக்கொண்டன.
2. மேற்பார்வையாளர் அம்மையார் அதை எப்படித் தீர்த்தார்.
3. அவருடைய திருத்தம் ஒரு விதிவிலக்கே. நான் எழுதிய விதி சரியானதே.

முதல் மாதத்தில் மோதாத நாள் உண்டா? நொறுங்காத குப்பி உண்டா? "பதினைந்து நாளில் சீராகாவிட்டால் கிடங்கை மூடுவோம்" என்றது நிர்வாகம். அறுபது பேரின் வேலை அந்தப் பதினைந்து நாளில் ஊசலாடியது.

விதி எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. தரையைக் கட்டங்களாகப் பிரித்தேன். எந்த வண்டி எந்த நொடியில் எந்தக் கட்டத்தில் இருக்கும் என்று முன்பதிவு செய்ய வைத்தேன். எதிரெதிரே வந்தால், சுமை ஏற்றிய வண்டிக்கே முதல் வழி. மோதல் நின்றது. மறுநாள் எல்லாமே நின்றது! பொதி கட்டும் அக்கா ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், வண்டியெல்லாம் தியானம் பண்ணுதா?"

சிரியுங்கள், சிரியுங்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மையார் என்ன செய்தார்? கணினியைத் தொட்டாரா? கடிந்து ஒரு சொல் சொன்னாரா? இல்லை. உணவுக்கூடத் தரையில் ஒட்டுநாடாவால் குறுகிய பாதைகள் போட்டார். எங்கள் எழுவரை வண்டிகளாக்கி நடக்கவிட்டார். என் கையில் ஒரு பெட்டி. எதிரே, முட்டுச்சந்துக்குள்ளிருந்து வெறுங்கையோடு நம் லாரி ஓட்டுநர் தம்பி.

"பெரியவரே, கொஞ்சம் பின்னாடி போங்க."

"என்கிட்ட சுமை இருக்குப்பா. விதிப்படி நீதான் ஒதுங்கணும்."

"எங்க ஒதுங்க? செவுத்துக்குள்ளயா?"

அம்மையார் என் தோளைத் தொட்டார். "ரெண்டடி பின்னாடி வாங்க சார், ஒண்ணும் குறைஞ்சிடாது."

வந்தேன். தம்பி வெளியேறினார். அவர் பின்னால் ஒருவர், அவர் பின்னால் இன்னொருவர், எழுவரும் வெளியேறினோம். சுமை இருந்தாலும், பின்னால் இடம் உள்ளவரே விட்டுக்கொடுக்க வேண்டும்: அன்று மாலையே அதை எழுதினோம்.

பதினைந்தாம் நாள் சோதனை. ஒன்று ஒதுங்க ஒன்று நகர, ஒன்று தயங்க ஒன்று தாண்ட, நாற்பது வண்டிகளும் நதி போல நடந்ததைக் கண்டீர்களே! எட்டு மணி நேரத்தில் ஓர் உரசல் உண்டா? ஒரு கீறல் உண்டா? கிடங்கு பிழைத்தது. அறுபது பேரின் வேலை நிலைத்தது. அம்மையாரே, எழுந்து நில்லுங்கள். இந்தக் கைதட்டல் உங்களுக்கு.

இனி மூன்றாவது. அந்தத் திருத்தம் முட்டுச்சந்துக்கு மட்டுமே தேவைப்படும் என்பது என் பணிவான...

என்ன கேட்கிறீர்கள், ஓட்டுநர் தம்பி?

"சோதனை அன்னிக்கு சுமை வண்டிங்க எங்கெங்க பின்வாங்குச்சுன்னு எண்ணிப் பாத்தீங்களா பெரியவரே?"

பட்டியல் பையில்தான் இருக்கிறது. பொறுங்கள், கண்ணாடி... மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு முறை. முட்டுச்சந்தில், முப்பத்தொன்று. மற்றவை எல்லாம் திறந்த பாதையில்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றியும் வணக்கமும். மூன்றாவது குறிப்பை அடித்துவிடுகிறேன். அம்மையார் தந்ததுதான் விதி. நான் சொன்னது தவறு.