மயிலை ரயிலாக்கிய மேற்கோள் பிரிவுத் தலைவர் யசோதரா அம்மையாருக்கு

"இன்னாக்கா இது, கந்தசாமி பொஞ்சாதிய தேடிகினு வரான், அவனுக்கு இன்னாத்துக்கு மயிலு?" என்று ஜாபர் மேசையைத் தட்ட, "பூச்சி தின்ன எழுத்துக்கு நான் இன்னா பண்றது? கந்தசாமின்னா மயிலுதான், கத்தாத" என்று தாங்கள் கண்ணாடியைக் கழற்ற, "யக்கா, பக்கத்தத் திருப்பிப் பாரு. அடுத்த வரியில சீட்டு வாங்குறான். மயிலுக்கு எவன் சீட்டு குடுப்பான்?" என்று பிரிவின் இளையவள் கார்குழலி குறுக்கே விழ, கீழே டீக்கடையில் ஆற்றிக்கொண்டிருந்த கையும் அந்தரத்தில் நின்றுபோன அந்த ஆடி மாதக் காலையில், சூட்டுக்கும் சொல்லுக்கும் நடுவே சிலையென வீற்றிருந்த செல்வமே, அச்சுப்பிழைக்கு அஞ்சாத அன்னையே, ஆதாரம் கேட்டே அனைவரையும் அலறவைத்த அம்மையே, இணையச் சொல்லகராதியின் மேற்கோள் பிரிவுத் தலைவர் யசோதரா அவர்களே, பணி நிறைவு காணும் தங்களைப் பணிந்து வாழ்த்துகிறோம்.

சண்டையை விட்டுவிட்டுச் சேவையைச் சொல்வதே இத்தகைய மடல்களின் மரபு. தங்கள் சேவையில் பாதி சண்டையாகவே நடந்ததால் எங்களுக்கு அந்த வசதி இல்லாமல் போயிற்று.

வண்ணாரப்பேட்டை அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தி, மை படிந்த விரல்களோடு ராயபுரத்து மேல்மாடிக்கு வந்து, கணினியைக் கண்டு கலங்காமல் அதையும் ஓர் அச்சுக்கோப்பவரைப் போல அதட்டி வேலை வாங்கிய வித்தகரே! எந்தச் சொல்லைக் கொண்டு வந்தாலும் எந்த நூல், எந்த அச்சகம், எந்த ஆண்டு, எத்தனையாம் பக்கம் என்று நான்கு கேள்வி கேட்டீர்கள். சொல்லுக்கு மட்டுமா? கார்குழலி காய்ச்சல் என்று விடுப்பு எடுத்தாலும் எந்த டாக்டர் என்று கேட்டீர்கள். அவள் அன்று கடற்கரையில் யாருடன் சுண்டல் தின்றாள் என்பது எங்களுக்குத் தெரியும். தாங்கள் எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். செவிவழிச் செய்தி செல்லாது என்பது தங்கள் கொள்கை ஆயிற்றே.

வியாசர்பாடி தொடங்கி எண்ணூர் வரை வாயில் புழங்கும் சொற்களை அகராதியில் ஏற்றலாமா என்று வழக்கு வந்தபோது, "கொச்சைக்கெல்லாம் கோயில் கட்டுவதா?" என்று அறக்கட்டளைக் குழுவின் மூத்தவர் தவசிமுத்து ஐயா முகம் சுளித்தார். தாங்கள் வாதாடவில்லை. 'முகத்துவாரத் தோணிச் சிந்து' என்னும் பழைய பாட்டுப் புத்தகத்தின் ஒற்றைப் பக்கத்தை அவர் முன் வைத்தீர்கள். தோணி கவிழ்ந்த செய்தி கேட்ட பெண்ணொருத்தி "பேசாமல் நின்றாள், பேஜாரு கொண்டாள்" என்று அதில் இருந்தது. ஆண்டு 1829 என்றீர்கள். நூற்றெண்பது வயதான சொல்லைக் கொச்சை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? பேஜாரு முன்னே நடக்க, கலீஜும் தோஸ்தும் பின்னே நுழைந்தன. எங்கள் தளத்தின் முகப்பில், ஆகப் பழைய மேற்கோள் என்ற பெருமையோடு அது நின்றது.

அந்தப் பக்கத்தின் கடைசி வரிதான் வினையாயிற்று. "கந்தசாமி" என்ற சொல்லுக்குப் பின் முதல் எழுத்தைப் பூச்சி தின்றுவிட, "யிலேறி வந்தானே" என்று மீதி நின்றது. விதிப்படி பகர அடைப்புக்குள் 'ம' சேர்த்தீர்கள். புத்தர் முன் பஞ்சசீலம் சொல்லிப் பொழுது விடியும் தங்கள் வீட்டில் மயிலுக்கு வேலையே இல்லை. ஆயினும் பிற சமயத்துச் சாமிக்கு வாகனம் கொடுத்த தாராளம் யாருக்கு வரும்? இந்த ஆடியில்தான் முழுப் புத்தகமும் கைக்கு வந்தது. பிறமொழிச் சொற்களைப் பார்க்கும் ஜாபர் பக்கத்தைத் திருப்பினார். கந்தசாமி கடவுள் அல்லர். ஆற்காட்டிலிருந்து மனைவியைத் தேடி ரயிலேறி வந்த ஆள்.

"நம்ம ராயபுரத்துக்கு ரயிலு வந்ததே ஆயிரத்தெண்ணூத்தி ஐம்பத்தாறுலக்கா. இருபத்தொம்போதுல எதுல ஏறி வந்தான்?" என்றார்.

முன்பு அந்த ஒற்றைப் பக்கத்தோடு கிடைத்திருந்த நூல் முகப்பில் 'விரோதி வருஷம்' என்று மட்டுமே அச்சிட்டிருந்தது. விரோதி அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். தாங்கள் முந்தியதைப் பிடித்தீர்கள். புத்தகம் பிந்திய விரோதியில், 1889இல் அச்சானது. பெருமை அறுபது ஆண்டு சரிந்தது.

அப்போது அறையில் இருந்தவர்கள் மூவர்தான். கதவோரம் டீ டம்ளர்களோடு நாங்கள் நின்றது கணக்கில் வராது.

"வுடுக்கா," என்றார் ஜாபர், குரலை இறக்கி. "பெரியவரு காதுக்குப் போச்சுன்னா, நம்ம சொல்லு அத்தினியும் தூக்கிடுவாரு. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரிஞ்சு போச்சே, நைனா."

உணவு இடைவேளைக்கு முன்பே ஆண்டைத் திருத்தினீர்கள். தவசிமுத்து ஐயாவுக்குத் தாங்களே தொலைபேசியில் சொன்னீர்கள். அன்று தங்கள் தயிர்சாதம் தொடாமலே வீடு திரும்பியது. பார்த்தோம்.

குழு கூடியது. "சான்று சாய்ந்தால் சொல்லும் சாயும். சென்னை வழக்கை நீக்கிவிடலாம்" என்றார் ஐயா.

"நீக்கலாங்கய்யா. அதே கணக்குல, வருஷப் பேரு மட்டும் வெச்சு நாம தேதி போட்ட நூலு அத்தனையும் பாத்துடலாம். உங்க தாத்தாவோட நீதிக் கும்மி, விகிர்தி வருஷம். 1830ன்னு போட்டுக்கீறோம். அவரு உங்களத் தோள்ல தூக்கிகினு ஒற்றியூர் தேரு காட்டினாருன்னு போன ஆண்டு விழாவுல நீங்களே சொன்னீங்க. அப்ப அவருக்கு இன்னா வயசுங்கய்யா?" என்று கேட்டீர்கள்.

பக்கத்து அறையில் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டோம். ஐயா தண்ணீர் குடித்தார். கூரையைப் பார்த்தார். மனிதர் நேர்மையானவர்தான், "சரி, தாத்தாவையும் மாத்திடுங்க. சொல்லுங்க இருக்கட்டும்" என்றார்.

சொற்கள் பிழைத்தன. முகப்பில் இப்போது வேறொருவர் கண்ட சொல் நிற்கிறது. அது முதன்முதலில் திரையில் வந்த நாளில், தாங்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஜன்னலோரம் நின்று துறைமுகத்து லாரிகளை நெடுநேரம் பார்த்தீர்கள். தாம் கண்டெடுத்ததைத் தம் கையாலேயே இறக்கி வைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? எங்களுக்கு வந்திருக்காது. 'இருக்கிறது' என்பதற்குச் சென்னை சொல்லும், பழைய அச்சில் எங்குமே அகப்படாத 'கீது' இன்னும் வெளியே நிற்கிறது. அதற்காகவும் தாங்கள் விதியை வளைக்கவில்லை.

அதன் பின் தவசிமுத்து ஐயா கோயம்புத்தூருக்கு, மகன் வீட்டோடு போய்விட்டார். ஜாபர் தங்கை கௌசரை ஆம்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தண்டையார்பேட்டைக்கு வீடு மாறினார். பழைய வீட்டுக்காரருடன் மனத்தாங்கல் என்று கேள்வி. சுண்டல் வாங்கித் தந்த வல்லரசையே ஆவணியில் மணந்து கார்குழலி முகத்துவாரக்குப்பம் போனாள். அந்தப் பந்தியில் அவள் மாமியார், "சோறு கீது, கொழம்பு கீது, ஒக்காந்துகினு துன்னாம இன்னா பாத்துகினு கீறே?" என்று அதட்டியபோது, தாங்கள் பென்சிலை எடுத்து, ஒரு கணம் யோசித்து, பைக்குள் போட்டுவிட்டுச் சிரித்தபடி சாப்பிட்டதை இரண்டு இலை தள்ளி இருந்து கண்டோம்.

தாங்களும் கொடுங்கையூர்ப் புது அடுக்ககத்துக்கு, தங்கை வீட்டுக்கு மேல்தளத்தில் குடி போகிறீர்கள். புகை அண்டாமல், மூட்டு நோகாமல், கண்ணொளி குன்றாமல், பொடி எழுத்தும் புலப்படப் பல்லாண்டு வாழ்க. வாரம் ஒருமுறை இந்தப் படியேறி வாருங்கள். எதிர்வீட்டில் யார், அவர் யாரோடு பேசுவதில்லை, ஏன் பேசுவதில்லை என்று எல்லாவற்றையும் கேட்டு வந்து சொல்லுங்கள். நாங்கள் பக்க எண் கேட்க மாட்டோம்.

என்றும் தங்கள் அன்பில்,
மேற்கோள் பிரிவினரும் பிற பணியாளரும்
இணையச் சொல்லகராதி, ராயபுரம்
31.10.2009