பார்த்தவளுக்கும் பங்கு

— அடியே லூமிங், நிறுத்தாம துடுப்புப் போடுடி! அக்கரை ஆஸ்பத்திரி போறதுக்குள்ள என் கதை முடிஞ்சிடும்.

— வாயை மூடு இஸ்கோ! போட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். கால் எப்படி இருக்கு?

— எரியுதுடி. கொள்ளிக்கட்டையால சுட்ட மாதிரி எரியுது. அந்தக் கூம்புச் சங்குதான் கொட்டியிருக்கு.

— அதெப்படிக் கொட்டும்? அதைத்தான் நான் எடுத்துட்டேனே.

— கூடையில காணோமே!

— கூடையில போட்டா பக்கத்துல சங்கு பொறுக்கிக்கிட்டிருந்த பெலிங் கண்ணுல படாதா? பாறைத்திட்டுல எது கிடைச்சாலும் பார்த்தவளுக்கும் பங்கு குடுக்கணும். அவ வேற கொக்கு மாதிரி கழுத்தை நீட்டிக்கிட்டே நின்னா. அதான் பாவாடை மடிப்புல சொருகிக்கிட்டேன்.

— கூம்புச் சங்கையா? பைத்தியமாடி உனக்கு?

— அது அசையவே இல்லய்யா, செத்துத்தான் கிடந்துச்சு. நீ முதல்ல உன் காலைப் பாரு.

— அப்போ அதோட ஜோடியை மிதிச்சிருக்கேன். அந்தச் சங்கு கொட்டி எங்க அண்ணன் தாசியோ போன மாதிரிதான் நானும் போகப்போறேன். மாதாவே!

— அப்படியெல்லாம் சொல்லாதய்யா. உங்க அண்ணனுக்கு இப்படித்தான் எரிஞ்சுதா?

— எங்க எரிஞ்சுது? கொசு கடிச்சிடுச்சுன்னு சிரிச்சாரு. அப்புறம் கை மரத்துச்சு. ஒத்தை விளக்கைப் பார்த்து ரெண்டு எரியுதுன்னாரு. பொழுது சாயறதுக்குள்ள மூச்சு நின்னுபோச்சு.

— உனக்கு உயிர் போற மாதிரி வலிக்குதுல்ல?

— வலிக்குதுடி, வலிக்குது!

— காலைத் திருப்பிக் காட்டு. என்ன அது, கருப்பா? யோவ், மூரை முள்ளுய்யா, பாறையில முள்ளுப்பந்து மாதிரி ஒட்டிக்கிடக்குமே! மிதிச்சதுல ஒடிஞ்சு உள்ளயே நிக்குது.

— மூரையா? நிஜமாவா?

— இதுக்கா இந்த ஒப்பாரி வச்ச? வீட்டுல புளிச்ச தென்னங்கள்ளுக் காடி இருக்கு, ஊத்தினா சரியாயிடும். உன்னை வச்சு இழுத்து இழுத்து எனக்குத்தான் கை ரெண்டும் மரத்துக்கிடக்கு.

— அட என் ராசாத்தி! பொழைச்சேன். படகைத் திருப்பு. நம்ம ஒலாங்கோத் தீவு மாதா கோயில் கோபுரத்தைப் பார்த்து நேரா விடு.

— எந்தக் கோபுரம்யா? ரெண்டு நிக்குதே.

— லூமிங்... துடுப்பை என்கிட்ட குடு. அந்த மடிப்புல கை வைக்காத, பாவாடையோட உருவிக் கடல்ல வீசு. நம்ம தீவுல கோபுரம் ஒண்ணுதான்டி.