பலகை இல்லாத லிஃப்ட்

எனக்கு உட்கார்ந்தால் கால் ஆடும். பயத்தில் ஆடுகிறது என்று நினைத்துவிடாதீர்கள் சார், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வீட்டில் என்றால் மனைவி தொடையில் ஒரு தட்டுத் தட்டுவாள். நூறு தடவை தட்டினால் எண்பது தடவை நின்றுவிடும்.

இதுவும் என் பழக்கம்தான், எதையும் நூற்றுக்கு எத்தனை என்று பார்ப்பது. மகள் ஒரு பாடத்தில் கோட்டை விட்டுவிட்டு அழுதால், "மொத்தச் சராசரி என்ன, அதச் சொல்லு" என்பேன். கல்யாண நாளை மறந்துவிட்டேன் என்று மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டபோது, வருடத்தில் மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் எதையும் மறக்கவில்லையே என்றேன். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஏதோ ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

தண்ணீர் வேண்டாம். கொஞ்சம் எழுந்து நின்று பேசலாமா? நன்றி.

நான் பராமரிப்பு மேலாளர். ஏழு மாடி அலுவலகக் கட்டடம், ஒரே லிஃப்ட். மாதத்தில் தொண்ணூற்றொன்பது புள்ளி ஐந்து சதவீத நேரம் அது ஓட வேண்டும் என்பது ஒப்பந்தம். ஓடாத நேரத்தைக் கணக்குப் பார்க்க எளிய வழி ஒன்று வைத்திருந்தோம். வரவேற்பறைக்குப் பக்கத்தில், லிஃப்ட் வாசலில், 'பழுது' என்ற பலகையை மாட்டியதிலிருந்து கழற்றும் வரை லிஃப்ட் ஓடவில்லை. பலகை இல்லையென்றால் ஓடுகிறது. இரண்டு மாதம் தொடர்ந்து தவறியிருந்தோம். மூன்றாவது மாதமும் தவறினால் ஒப்பந்தம் கைவிட்டுப் போகும். நானும் எனக்குக் கீழே இருப்பவர்களும் மூட்டை கட்ட வேண்டியதுதான். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மெக்கானிக் என் மனைவியின் தம்பி. எங்களோடுதான் இருந்தான். வேலையில் சேர்த்துவிட்டதும் நான்தான். கை சுத்தம், வேலை சுத்தம், வாய்தான் அடங்காது. போன மாதக் கடைசியில் வந்து நின்றான்.

"மாமா, நாலாவது மாடிக் கதவு சமயத்துல பொட்டி வராமலே திறந்துக்குது. நிறுத்திட்டு, மேல கதவையும் அடியில பள்ளத்தையும் பாத்தே ஆகணும். மூணு மணி நேரம் குடுங்க."

"எத்தன தடவைக்கு ஒரு தடவ?"

"ஐந்நூறுக்கு ஒண்ணு இருக்கும்."

"அப்போ தொண்ணூத்தொம்பது புள்ளி எட்டு சதவீதம் ஒழுங்காத்தான மாப்ள திறக்குது?"

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம், மாமா. விழுறவன் புள்ளி ரெண்டு சதவீதமா விழுவான்? முழுசாத்தான் விழுவான்."

அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அந்த மாதத்துக்கு நிறுத்தி வைக்க எங்களுக்கு மிச்சம் இருந்தது அரை மணி நேரம்தான். இரண்டு நாள் பொறுத்திருந்தால் புது மாதம் பிறந்திருக்கும். பொறுமை என்பது அவனுக்கு எந்தக் காலத்திலும் பத்து சதவீதத்தைத் தாண்டியதில்லை.

கடைசி நாள் மதியம் வெளியே போய்விட்டு வருகிறேன், லிஃப்ட் வாசலில் பலகை தொங்குகிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வரவேற்பறைப் பெண், "மாட்டி இருபது நிமிஷம் ஆச்சு சார்" என்றாள். கையோடு பலகையைக் கழற்றினேன். லிஃப்டின் மெயின் சுவிட்ச் பேஸ்மென்டில், லிஃப்டுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தின் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கீழே போனேன். சுவிட்சுக்கு அவன் பூட்டுப் போட்டிருந்தான். அதன் இன்னொரு சாவி என்னிடம் எப்போதும் இருக்கும்.

லிஃப்ட் வந்து நிற்கும் இடத்துக்கும் அடியில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்குப் பள்ளம் உண்டு. அதன் கதவை ஒட்டி ஆணியில் அவன் சட்டை தொங்கியது. கீழே அவன் செருப்பு. ஆமாம், பார்த்தேன். பார்க்கவில்லை என்று நேற்று உங்களிடம் சொன்னது சரியில்லை.

கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் ஏறி வந்து மல்லுக்கு நிற்பான், மிச்சமிருந்த பத்து நிமிடமும் அதிலேயே போய்விடும். பள்ளத்தில் ஒரு மூலை இருக்கிறது. சுதாரித்து ஒடுங்கிக்கொண்டால் பெட்டி மேலே படாது. தப்பிக்க நூற்றுக்கு எழுபது என்று மனக்கணக்குப் போட்டேன். அவன் எந்தப் பரீட்சையிலும் எழுபது வாங்கியதில்லை. சுவிட்சைப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் தட்டுகிற சத்தம் வந்தது. ஸ்பேனரால் இரும்பில் தட்டுவான் போல. ஒடுங்கத் தெரியவில்லை, அல்லது நேரம் இல்லை. அவனைத் தூக்க வேண்டுமென்றால் லிஃப்டை நிறுத்தி, பலகையை மாட்டி, ஆட்களை வரவழைக்க வேண்டும். மிச்சமிருந்த பத்து நிமிடத்தில் ஆகிற காரியமா? பள்ளத்துக் கதவைப் பூட்டினேன். ஆணியில் தொங்கிய சட்டையின் பையில் அவன் போன் அடித்துக்கொண்டிருந்தது, 'அக்கா' என்று. சைலன்ட்டில் போட்டுவிட்டு மேலே வந்தேன்.

மூன்றாவது மாடி அக்கவுன்டன்ட் அம்மா இறங்கும்போது, "கீழருந்து ஏதோ டக் டக்னு கேக்குதே" என்றார்.

"பழைய லிஃப்ட்டும்மா, அப்படித்தான் இருக்கும்."

சாயங்காலம் வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாடிப்படியில் ஏறினேன், இறங்கினேன், ஒவ்வொரு மாடியிலும் நின்று காதைக் கொடுத்துக் கேட்டேன். இதயமில்லாதவன் என்று எழுதிவிடாதீர்கள். ஆபீஸ் விடும் நேரத்தில் சத்தம் குறைந்துவிட்டது. வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றாள்.

"தம்பி போன எடுக்கவே மாட்டேங்கிறான். உங்ககூட வரலையா?"

"வருவான். சராசரியா லேட்டாத்தான வருவான்?" என்றேன். அவனுக்கும் சேர்த்துச் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

விடிந்ததும் முதல் ஆளாகப் போய் லிஃப்டை நிறுத்தியது நான். பலகையை மாட்டியதும், உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்ததும் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். உடனே எடுத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னாராம். எத்தனை சதவீதம் என்று கேட்டேன், அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மனைவி ஒரே கேள்விதான் கேட்டாள்: "தட்டுனது உங்களுக்குக் கேட்டுச்சா?" கேட்டது என்றேன். பொய் சொல்வது எனக்கு வராது. அப்புறம் என் கால் ஆடியது, அவள் தட்டவில்லை.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், இங்கேயா? போன மாதம் மிகச் சரியாகத் தொண்ணூற்றொன்பது புள்ளி ஐந்தில் முடிந்தது சார். அவனை வெளியே எடுக்க ஆன நேரமெல்லாம் இந்த மாதக் கணக்கில்தான் வரும். மாதம் இப்போதுதானே பிறந்திருக்கிறது, சரிக்கட்டிவிடலாம்.