ரிமினிக்குப் போன முத்திரை

— அதெப்படி வேத்தா, கடற்கரையில உக்காந்துகிட்டு சாவுக் காகிதத்துல முத்திரை குத்த முடியும்? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?

— கடற்கரையில உக்காந்திருக்கிறது நானில்லீங்களே, தலைவரே. இங்க நான் வேலை பார்க்கிற இடத்துலேருந்து ரெண்டு மணி நேரம் ரயில்ல நின்னுகிட்டே வந்திருக்கேன். நீங்க ஊர்ல இருந்திருந்தா ஊர்லயே கேட்டிருப்போம்.

— நான் என்ன உல்லாசத்துக்கா வந்தேன்? அனுபவப் பரிமாற்றம்மா இது! வயசானவங்களை இத்தாலிக்காரன் எப்படி வச்சுக் காப்பாத்துறான்னு பார்த்து, அதை அப்படியே நம்ம ப்ருனாரியாவுக்குக் கொண்டு போகணும். ஊராட்சித் தலைவர்னா சும்மாவா? டேய் சாண்டு, அந்தக் குடையை இப்படிச் சாய்ச்சு விடு. கால்ல வெயில் அடிக்குது.

— சாய்ச்சுட்டேன், தலைவரே. துணைத் தலைவர்னு பேரு, பார்க்கிறது குடைக்காரன் வேலை. நான் ஒண்ணும் சொல்லல. வேத்தாக்கா, இந்தச் சாய்வு நாற்காலியில உக்காருங்க. மூஞ்சியெல்லாம் வாடிக் கிடக்கு.

— உக்கார வரலை, சாண்டு. அம்மா போய் இன்னியோட ரெண்டு நாள். ஜூலை மாசத்து வெயில்ல நடு வீட்டுல கிடத்தியிருக்கு. பக்கத்து வீட்டு அனிகா ஐஸ் வாங்கி வாங்கிச் சுத்தி அடுக்குறா. நாளைக்கு மத்தியானத்துக்கு மேல தாங்காதுன்னு ஃபாதர் இலாரியே சொல்லிட்டார். குழி தோண்டியாச்சு. ஆனா ஊராட்சி அனுமதிக் காகிதம் இல்லாம ஒரு பிடி மண்ணு தள்ள மாட்டேங்கிறார். போன தடவை அப்படித் தள்ளினதுக்கு அவர்மேல புகார் எழுதினது யாரு, தலைவரே?

— நான்தான். முறைன்னா முறை. அது பாதிரியாருக்கும்தான்.

— சரிதான். நான் இன்னைக்கு ராத்திரி விமானம் ஏறுறேன். இதோ, காகிதம் முழுக்க நிரப்பி வச்சிருக்கேன். டாக்டர் எழுதினதும் கூடவே இருக்கு. உங்க கையெழுத்து, ஒரு முத்திரை. படம் பிடிச்சு அனுப்பினாப் போதும், அசலை நானே கொண்டு போய்க் குடுத்துடுவேன். ஒரு நிமிஷ வேலை.

— இதுக்கெல்லாம்தானே ஊர்ல ஆபீஸ் இருக்கு!

— இருக்குங்க. அனிகா போய்ப் பார்த்தா. வாட்ச்மேனும் நாயும் இருந்தாங்களாம். செயலாளர் எங்கேன்னா இத்தாலி. பிறப்பு இறப்பு எழுதுற அம்மா எங்கேன்னா இத்தாலி. கணக்கர் இத்தாலி. உங்க டிரைவரும் இத்தாலி. விமானத்துல வந்தவங்களுக்கு டிரைவர் எதுக்குன்னு அனிகா கேட்டா, எனக்குச் சொல்லத் தெரியலை. நாய்க்கு மட்டும் பாஸ்போர்ட் கிடைக்கலை போல.

— குழுன்னா ஏழு பேராவது இருக்கணும். அப்பத்தான் ஒரு மதிப்பு.

— முத்திரையாவது பீரோவுல இருக்கும்னு பார்த்தா அதையும் காணோமாம்.

— முத்திரை தலைவர் பையில இருக்கு, அக்கா. வெயிலுக்குப் பூசுற கிரீம் பக்கத்துல.

— உன்னை யாருடா கேட்டா? ஊர்ல விட்டுட்டு வந்தா எவனாவது எதுலயாவது குத்தித் தொலைப்பான். பொறுப்புன்னு ஒண்ணு இருக்குல்ல?

— எவனாவதுன்னா என்னைச் சொல்றார், அக்கா. நானும்தான் இங்க வந்துட்டேனே, அப்புறம் ஊர்ல குத்த யாரு இருக்கான்னு கேக்கலாம். நான் ஒண்ணும் சொல்லல.

— அப்ப முத்திரை இங்க இருக்கு. கையெழுத்துப் போடுற கையும் இங்க இருக்கு. இன்னும் என்னங்க?

— தேதி இருக்கே! இடம் இருக்கே! நீ பொம்பளை, உனக்கு ஆபீஸ் விவகாரம் புரியாது. நான் பாட்டுக்கு "ப்ருனாரியா, இன்ன தேதி"ன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்னு வை. இன்னைக்கு நான் ஊர்லதான் இருந்தேன்னு ஆயிடும். அப்ப இத்தாலிக்கு யார் போனான்னு மாவட்ட ஆபீஸ்ல கேப்பான். சரி, "ரிமினி"ன்னு போடலாம்னா, இத்தாலிக்காரன் மண்ணுல ப்ருனாரியா முத்திரை செல்லாது. ரெண்டு பக்கமும் கத்தி மாதிரி நிக்குது. நான் ஊருக்கு வர்ற திங்கக்கிழமை வரை பொறுத்துக்க.

— நான் பொறுத்துக்குவேன், தலைவரே. அம்மா பொறுக்க மாட்டா.

— ஆண்டவர் அவளை மன்னிக்கட்டும். நல்ல பொம்பளை. எப்பப் பார்த்தாலும் தெருவிளக்கு எரியலைன்னு மனு குடுப்பா.

— எரிஞ்சுதா?

— ...சாண்டு, இந்த இறாலை ஏன் இவ்வளவு உப்பாப் பண்றான்?

— எங்கம்மா எப்படிச் செத்தான்னு கேக்கலையே, தலைவரே?

— வயசுதான். எண்பத்தொண்ணோ ரெண்டோ. அந்த வயசுக்கு மேல என்ன கேக்கிறது?

— திங்கக்கிழமை காலையில கிணத்தடியில விழுந்திருக்கா. செவ்வாய்க்கிழமை காலையிலதான் அனிகா பார்த்தா. ராத்திரி முழுக்க உயிரோடதான் கிடந்திருக்கான்னு டாக்டர் சொல்றார். தினம் ஒரு தடவை வீட்டுக்கு வந்து எட்டிப் பார்க்கணும்னு ஊராட்சியில சம்பளம் குடுத்து ஒரு ஆள் வச்சிருக்கீங்களே, வயசானவங்களுக்கு? உங்க மச்சினி ஜெனி. அவ ஏன் வரலை?

— அவ... அவ குழுவுல இருக்கா. அவ வேலையே அதுதானே? வயசானவங்களைப் பார்த்துக்கிறது எப்படின்னு அவ கத்துக்காம வேற யார் கத்துக்கிறது?

— அதோ, காத்தடிச்ச பிளமிங்கோ பொம்மை மேல மிதக்குறாங்களே, அதுதான் ஜெனி, அக்கா. கத்துக்கிட்டு இருக்காங்க.

— எங்கம்மா உயிர் போறப்ப கையில மெழுகுவத்தி பிடிக்கக்கூட ஆளில்லாம இருட்டுல செத்தா, தலைவரே! நான் இங்க பன்னெண்டு வருஷமா ஊரான் வீட்டுக் கிழவிங்களுக்கு மலம் அள்ளுறேன். ஒருத்திகூட என் கையைப் பிடிக்காமச் சாகலை. பதினேழு பேருக்குக் கண்ணை மூடி விட்டிருக்கேன். பெத்தவளுக்கு மூட முடியலை. போகட்டும், அது என் தலையெழுத்து. மண்ணுக்குள்ள வைக்கவாவது விடுங்க! உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்.

— சரி சரி, அழாதே. சுத்தி எல்லாரும் பார்க்கிறான். என்னவோ நான் அடிச்ச மாதிரி. ஆமா, நீ வேலை பார்க்கிறது எந்த இல்லத்துல?

— சாந்தா ஒலிவா. மலைமேல இருக்கே, அதுதான். நீங்க போன திங்கக்கிழமை வர்றதா இருந்த இடம்.

— அட! அங்கயா!

— அங்கதாங்க. நம்ம பாஷை தெரிஞ்சவன்னு டைரக்டரம்மா என்னைத்தான் விளக்கம் சொல்ல நிறுத்தியிருந்தாங்க. கேக் பண்ணியிருந்தோம். நாப்பது கிழடுகளுக்கும் காலையிலேயே தலை வாரி, நல்ல துணி போட்டு, கையில ரெண்டு நாட்டுக் கொடியும் குடுத்து வாசல்ல உக்கார வச்சோம். மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்துச்சுங்க. அப்புறம் கொடியைப் பிடுங்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

— அன்னைக்கு எங்களுக்கு ஒரு... வேற ஒரு ஆய்வு இருந்துது.

— வாட்டர் பார்க், அக்கா.

— டேய்!

— நீர் மேலாண்மைன்னு எழுதியிருக்கோம். நான் ஒண்ணும் சொல்லல.

— நீ வாயை மூடு. வேத்தா, இங்க கேளு. இப்ப யோசிக்கிறப்ப இது ஆண்டவர் பார்த்துச் சேர்த்து வச்ச மாதிரி இருக்கு. வந்துட்டுப் போனோம்னு உங்க இல்லத்துல ஒரு தாள் குடுப்பாங்களே? அது இல்லாம மாவட்ட ஆபீஸ்ல என் தோலை உரிச்சிடுவான். ஒரு பத்திரிகைக்காரன் வேற நாலு நாளா ஊராட்சியோட இணையப் பக்கத்துல வந்து "ஆதாரம் எங்கே, ஆதாரம் எங்கே"ன்னு உயிரை எடுக்குறான். அந்தத் தாளை மட்டும் நீ எப்படியாவது...

— கையிலேயே இருக்கு.

— என்னது!

— டைரக்டரம்மா இல்லத்து முத்திரை போட்டுக் குடுத்து அனுப்பினாங்க. அவங்களுக்கும் நகல் வைக்கணுமாம். நான் நடந்ததைச் சொன்னேன். "நீயே போய் அவங்களைப் பாரு, நடந்ததை நீயே எழுதி, அவங்ககிட்டயும் கையெழுத்து வாங்கிட்டு வா"ன்னாங்க. கட்டமெல்லாம் காலியாத்தான் இருக்கு.

— மகராசி! இதை முதல்லயே சொல்லக் கூடாதா? குடு, குடு. அடேயப்பா, நீல மையில வட்ட முத்திரை! நம்மளதை விடப் பெருசா இருக்கே. எழுதும்மா, சீக்கிரம் எழுது.

— முதல்ல அம்மா.

— எழுதிட்டா உடனே போட்டுத் தர்றேன். என் வார்த்தை மேல நம்பிக்கை இல்லையா?

— தெருவிளக்குக்கும் வார்த்தை குடுத்தீங்க. முதல்ல அம்மா, தலைவரே.

— பிடிவாதக்காரி. அப்படியே ஆத்தாளை உரிச்சு வச்சிருக்கு. சாண்டு, பையை எடு. பார்த்து, மணல் படாம! ...இந்தா. கையெழுத்து. முத்திரை. ப்ருனாரியான்னே போட்டுட்டேன். எவனாவது கேட்டா ஒரு மணி நேரம் ஊருக்கு வந்துட்டுத் திரும்பினேன்னு சொல்லிக்கலாம். இவ்வளவு பெரிய மனசு எவனுக்கு வரும்?

— நல்லா இருங்க. ஒரு நிமிஷம், படத்தை அனுப்பிக்கிறேன். ...போயிடுச்சு. ஃபாதர் பார்த்துட்டார். நாளைக்குப் பதினோரு மணிக்கு எடுக்கிறாங்களாம். அம்மாவுக்குப் படைக்கக் கோதுமை வேக வைக்கிறேன்னு அனிகா எழுதியிருக்கா.

— பார்த்தியா, எல்லாம் சுபம். இப்ப எழுது.

— எழுதுறேன். எத்தனை பேர் வந்தீங்க, ஏழா?

— ஏழு. ஜெனி பேருக்கு முன்னாடி "நிபுணர்"னு போடு.

— நிபுணர்... போட்டாச்சு. சாண்டு, இந்தத் தாளை ஒரு ஓரத்துல பிடிச்சுக்க தம்பி, காத்துல பறக்குது.

— பிடிச்சுக்கிட்டேன், அக்கா. ...ம். ...ம்ம்.

— என்னடா முனகுறே? எட்டு வருஷம் இங்க கொத்து வேலை பார்த்து இவனுங்க பாஷையைக் கத்துக்கிட்டவனாச்சே, சரியா எழுதுறாளா?

— முத்து முத்தா எழுதுறாங்க, தலைவரே. ஒரு பிழை இல்லை.

— பாராட்டு மாதிரி ரெண்டு வரி சேர்க்கச் சொல்லு.

— கடைசிக் கட்டம் ஒண்ணு இருக்குங்க. "பெற்ற அனுபவம்"னு. அதுல எழுதிடுறேன். ...முடிஞ்சுது. முழுக்கப் படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க, தலைவரே. சாண்டு படிச்சுச் சொல்லுவான்.

— இத்தாலி பாஷையை நான் எங்க கண்டேன்! பார்க்கவே பூத்தொடுத்த மாதிரி இருக்கு, அது போதும். இதோ கையெழுத்து. முத்திரையை இப்படிப் பக்கத்துல, ரெண்டும் ஜோடியாத் தெரியணும். டப்! சாண்டு, உடனே படம் எடுத்து ஊராட்சிப் பக்கத்துல போடு. "இதோ ஆதாரம்"னு கொட்டை எழுத்துல மேல போடு. அந்தப் பத்திரிகைக்காரன் நாண்டுகிட்டுச் சாகட்டும்.

— உடனேவா, தலைவரே? ஒரு தடவை படிச்சுட்டு...

— உடனேன்னா உடனே! சொன்ன வேலையை என்னைக்குடா முதல் தடவையிலேயே செஞ்சிருக்கே?

— போட்டாச்சு.

— அப்ப நான் வர்றேங்க. மூணு மணி ரயிலைப் பிடிக்கணும். சாண்டு, நகலை டைரக்டரம்மாவுக்கு அனுப்பிடு, தம்பி.

— அனுப்பிடுறேன், அக்கா. தைரியமாப் போயிட்டு வாங்க. அம்மாவுக்கு என் பேர்லயும் ஒரு மெழுகுவத்தி ஏத்துங்க.

— ...போயிட்டாளா? அப்பாடி. பாவம்டா. ஆனா நேரம் பார்த்து வந்தா பாரு! எனக்கு ஒரு பீரு சொல்லு. ஆமா, ஊர்ல எத்தனை பேர் பார்த்திருக்கான்?

— நூத்தி எம்பது. இருநூறு. ஏறிக்கிட்டே இருக்கு, தலைவரே.

— பார்த்தியா! என்ன எழுதறான்? வாழ்த்தா?

— வாழ்த்து ஒண்ணும் இல்லை. அனுதாபம் சொல்றாங்க.

— எனக்கா?

— வேத்தாக்காவுக்கு.

— அவ ஆத்தா செத்ததை நாம எங்கடா போட்டோம்?

— போட்டிருக்கோம், தலைவரே. உங்களுக்கும் எழுதியிருக்காங்க. அதை நான் வாயால சொல்ல மாட்டேன், பக்கத்துல குழந்தைங்க விளையாடுது.

— டேய், என்ன உளர்றே? இத்தாலி பாஷையில எழுதினது ஊர்க்காரனுக்கு எப்படிடா புரியும்?

— ஊர்ல பாதிப் பேர் இங்க கிடந்து உழைச்சுட்டு வந்தவங்க. மீதிப் பாதி இங்கயேதான் இருக்காங்க. படிக்கத் தெரியாதவர் நீங்க ஒருத்தர்தான், தலைவரே.

— நீ பக்கத்துல நின்னுதானே தாளைப் பிடிச்சே! அவ எழுதுறப்பப் பார்த்துட்டுதானே இருந்தே!

— பார்த்துட்டுதான் இருந்தேன். நான் ஒண்ணும் சொல்லல.

— அழி! இப்பவே அழி!

— அழிச்சிடுறேன். ஆனா பத்திரிகைக்காரர் எப்பவோ எடுத்துக்கிட்டார். நன்றின்னுகூட எழுதியிருக்கார்.

— என்னதான்டா எழுதித் தொலைச்சா? படி!

— "வந்தவர்கள்: ஏழு பேர், ஒரு நிபுணர் உட்பட. எங்கள் இல்லத்துக்கு வந்தவர்கள்: யாரும் இல்லை. சந்தித்த இடம்: கடற்கரை. பேசிய விஷயம்: தனியாக விழுந்து இறந்த என் தாய் சாஃப்தாவை அடக்கம் செய்ய அனுமதி. பெற்ற அனுபவம்: ப்ருனாரியாவில் சாக விரும்புகிறவர்கள், தலைவர் ஊரில் இருக்கும் நாளாகப் பார்த்துச் சாகவும்." அவ்வளவுதான், தலைவரே. மேற்கண்டவை அனைத்தும் உண்மைன்னு கீழே நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க.